சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா ஏன் தன் பழைய உடைகளை வைத்துச் சிற்பம் செய்தார்?

துணி அவருக்குச் சின்ன வயதிலேயே கைவந்த பொருள். 1911இல் பாரிஸில் பிறந்தவர். பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்ப்பதுதான் குடும்பத் தொழில். அவற்றின் அடிப்பகுதி நைந்து, சித்திர உருவங்களின் பாதங்கள் அழிந்துபோயிருக்கும். அந்தப் பாதங்களைச் சிறுமி லூயிஸ் வரைந்து கொடுப்பார். தைக்கும் பெண்களோடு உழைத்த அம்மா 1932இல் இறந்தார். ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான ‘மமான்’ (பிரெஞ்சில் ‘அம்மா’) என்ற எஃகுச் சிலந்திச் சிற்பம் (1999) அந்த அம்மாவின் உருவகம்தான். வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள்.

எண்பது வயதுக்கு அப்புறம், பத்திரப்படுத்தியிருந்த உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தலைகளும் உடல்களும் தைத்தார். தையலை மறைக்கவில்லை, முகத்தின் குறுக்கே அறுவைத் தழும்புபோல் ஓடும். உடுத்திய துணியில் உடம்பின் பழக்கம் தங்கியிருப்பதால், பளிங்கைவிட இவைதான் என்னை அதிகம் உலுக்குகின்றன. முதலில் துணித் தலைகளைப் பாருங்கள், சிலந்தியை அப்புறம் பார்க்கலாம்.