வாசிக்காத பியானோ ஏன் சுருதி மாறுகிறது?

சென்னை வீட்டில் மூடியே கிடந்த பியானோ ஒரே வருடத்தில் அபஸ்வரமாக ஒலிக்கிறது, நானே முறுக்கிச் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் ஈரம்தான். தந்திகளைத் தாங்கும் பாலம் ஒட்டியிருக்கும் ஒலிப்பலகை, ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும். தந்திகள் இழுபட்டுச் சுருதி ஏறும். ஏசி ஓடி அறை காய்ந்தால் பலகை தணிந்து, சுருதி இறங்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இது நடக்கும்.

தந்திகளை முறுக்கி வைத்திருக்கும் சுருதி ஆணிகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சுமார் 230 தந்திகளின் மொத்த இழுவிசை 15 டன்னைத் தாண்டும். தவறாகத் திருகினால் தந்தி அறும், இல்லையென்றால் ஆணியைப் பிடித்திருக்கும் மரத்துளை தளரும். தளர்ந்துவிட்டால் செலவு பெரிது. ஆணியில் எண்ணெய் விடவே கூடாது, தையல் மெஷின் எண்ணெய்கூட.

வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனரை அழையுங்கள். ரொம்ப இறங்கிப்போன பியானோ ஒரே தடவையில் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதி அளவில் நிற்காது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், விரலால் அழுத்தும் கட்டை ஏதாவது சிக்கி நின்றால் முதலில் டார்ச் அடித்து இடுக்கில் பாருங்கள். பல நேரம் ஒரு நாணயமோ பென்சிலோதான் கிடக்கும்.