வாசகர் கேள்வி-பதில்: உர்சுலா லெ குவினின் உலகங்கள்

சென்ற இதழில் அறிவியல் புனைகதை பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதிலளித்தபோது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் பெயரைக் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

லெ குவின் அறிவியல் படித்தவர் அல்லர் என்று அறிகிறேன். அப்படியிருக்க, அறிவியல் புனைகதையில் அவருக்கு இவ்வளவு பெரிய இடம் எப்படிக் கிடைத்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

அவர் இயற்பியலோ பொறியியலோ படிக்கவில்லை என்பது உண்மைதான். ராட்கிளிஃப் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை முடித்தார். ஆயினும் அவர் வளர்ந்த வீட்டில் வேறோர் அறிவியல் இருந்தது. 1929 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர் உர்சுலா. அவருடைய தந்தை ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்க மானுடவியலை நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர். 1911இல் தன் இனத்தார் அனைவரையும் இழந்து தனியொருவராக வெளிவந்த யாஹி பழங்குடி மனிதர் இஷியோடு பழகி, அவர் பேச்சையும் வாழ்க்கை முறையையும் பதிவுசெய்தவர்களுள் அவரும் ஒருவர். உர்சுலா பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1916இல், இஷி காசநோயால் இறந்துவிட்டார். அவருடைய வரலாற்றை 1961இல் நூலாக எழுதிப் புகழ்பெற்றவர் உர்சுலாவின் தாய் தியோடோரா. நாபா பள்ளத்தாக்கில் அக்குடும்பம் கோடையைக் கழித்த பண்ணை வீட்டுக்கு அறிஞர்களும் பூர்வகுடி நண்பர்களும் விருந்தினராக வந்து தங்குவார்கள்.

தம்முடைய வாழ்க்கை முறையே மனித குலத்தின் இயல்பான முறை என்று எண்ணாமலிருக்கும் பயிற்சி அவருக்கு இப்படிச் சிறுவயதிலேயே கிடைத்துவிட்டது. அவருடைய கதைகளில் விண்கலங்கள் உண்டு. ஆனால் அவர் அவற்றின் இயந்திரத்தில் அதிக நேரம் செலவிடுவதில்லை. அந்தக் கலத்திலிருந்து இறங்கியவர் எந்த வீட்டில் உண்டார், அங்கே உறவுமுறை எப்படி, எதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள் என்பவையே அவருக்கு முக்கியம். அவருடைய பெரும்பலம் இதுதான் என்பது எம் கருத்து.

'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலை ஆண், பெண் பேதமற்ற உலகத்தின் கதை என்கிறார்கள். அந்த ஒரு கற்பனைக்காகத்தான் அது கொண்டாடப்படுகிறதா? (மதுரை வாசகி)

1969இல் வெளிவந்து, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்ற அந்நாவலின் களம், கெத்தென் என்னும் கடுங்குளிர்க் கோள். அங்குள்ளோர் மாதத்தின் பெரும்பகுதி ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். 'கெம்மர்' எனப்படும் சில நாட்களில் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். எதுவாக மாறுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரே மனிதர் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் மற்றொரு குழந்தைக்குத் தந்தையாகவும் இருக்க முடியும்.

கற்பனை இந்த அளவில் நின்றிருந்தால் அது ஒரு புதிராக மட்டுமே எஞ்சியிருக்கும். லெ குவினோ அந்தக் கோளில் நம்மைக் குடியிருக்கச் செய்கிறார். கர்ஹைட் நாட்டில் உணவு மேசையில் ஒரு சிறு கருவி வைக்கப்பட்டிருக்கும். ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் இடையில் பானத்தின் மீது உறைந்துவிடும் பனிக்கட்டியை உடைப்பதற்காக! அங்கே நடப்பு ஆண்டு எப்போதுமே முதலாம் ஆண்டு. கடந்த ஆண்டுகளையும் வரும் ஆண்டுகளையும் அதிலிருந்தே எண்ணுகிறார்கள். பறக்கும் உயிரினம் எதுவும் அங்கில்லாததால், இயந்திரங்களைப் படைத்த அம்மக்களுக்குப் பறக்கலாம் என்ற எண்ணமே தோன்றவில்லை. இத்தகைய செய்திகளின் வழியாகவே அவ்வுலகம் நம்பத்தக்கதாகிறது.

எண்பதுக்கும் மேற்பட்ட உலகங்களின் கூட்டமைப்பு, ஆயுதமோ படையோ இன்றி ஜென்லி ஆய் என்னும் ஒரே ஒரு தூதுவனை அங்கே அனுப்புகிறது. தனக்காகத் தன் பதவியையே இழந்த எஸ்த்ராவென் என்னும் அமைச்சரை அவனால் நம்ப முடியவில்லை. பின்னர் அவ்விருவரும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 80 நாட்கள் பெரும்பனிப்பரப்பைக் கடக்க நேர்கிறது. உணவை அளந்து உண்டு ஒரு சிறு கூடாரத்தில் உறங்கும் அந்நாட்களில்தான், எதிரிலிருப்பவரை ஆணாக மட்டுமே பார்க்க விரும்பி, அவரிலுள்ள பெண்ணைக் காண மறுத்ததே தன் அவநம்பிக்கையின் வேர் என்று ஜென்லி உணர்கிறான். அந்நாவலின் உயிர் அப்பயணத்தில் இருக்கிறது. அதை ஒருமுறை வாசித்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இந்நாவலின் மீது நியாயமான விமர்சனமும் எழுந்தது. கெத்தென் மக்களை அரசியலிலும் சூழ்ச்சியிலும் பயணத்திலும் காண்கிறோமே தவிர, குழந்தை வளர்ப்பவர்களாக அநேகமாகக் காண்பதில்லை. ஆகவே அவர்கள் வாசகரின் மனத்தில் ஆண்களாகவே பதிந்துவிடுகிறார்கள் என்பது பெண்ணியவாதிகளின் கருத்து. லெ குவின் 1976இல் எழுதிய கட்டுரையில் தம் படைப்பைச் சற்று விட்டுக்கொடுக்காமல்தான் பேசினார். பின்னர் 1980களில் அக்கட்டுரையை மறுபடி வெளியிட்டபோது, பழைய வரிகளை அழிக்காமல் அவற்றினூடே தம் மறுப்புகளையும் சேர்த்து அச்சிட்டார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் தம் சிந்தனை மாறிய தடத்தை இப்படி வாசகர் முன் வைத்தது எம்மை மிகவும் நெகிழச் செய்த செயல்.

'எர்த்ஸீ' வரிசை சிறுவர் கதைதானே? பெரியவர்கள் வாசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? (தஞ்சாவூர் வாசகர்)

முதல் நூலான 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ', வளரிளம் பருவத்தினருக்காக எழுதித் தருமாறு பெர்க்லியிலிருந்த ஒரு சிறு பதிப்பகத்தார் கேட்டதால் பிறந்தது, 1968இல் வெளிவந்தது. தீவுகள் நிறைந்த அவ்வுலகில் கெட் என்னும் சிறுவன் மாயவித்தை கற்கச் செல்கிறான். கர்வத்தால் ஒரு நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிட்டு, முதலில் அதனிடமிருந்து ஓடுகிறான். பிறகு தன் ஆசான் சொற்படி அதைத் துரத்துகிறான். இதில் போர்க்களம் இல்லை; வீழ்த்தப்பட வேண்டிய கொடுங்கோலனும் இல்லை. தான் செய்த தவற்றைத் தானே எதிர்கொள்வதுதான் முழுக்கதையும்.

கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். கொள்ளையிட வருபவர்களே வெள்ளையர். மாயப் புனைவு என்றாலே வெள்ளை நாயகன் என்றிருந்த காலத்தில் லெ குவின் இதைத் திட்டமிட்டே செய்தார். எனினும் பல அட்டைப்படங்கள் அவனை வெளுப்பாகவே காட்டின. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே செய்தபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

பெரியவர்கள் தவறவிடக் கூடாதது நான்காம் நூலான 'தெஹானு'. மூன்றாம் நூல் வந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், அவர் அதே உலகுக்குத் திரும்பினார். மாயவித்தைப் பள்ளியில் ஆண்கள் மட்டும் பயிலுவதையும், பெண்களின் வித்தையைத் தாழ்வாகப் பேசும் பழமொழியையும் முதல் நூலில் அவரே இயல்பானவையாக எழுதியிருந்தார். 'தெஹானு'வில், நடுவயதுக் கைம்பெண்ணான தெனாரின் கண்வழியே, அவற்றையெல்லாம் கேள்விக்குள்ளாக்குகிறார். தீயில் தள்ளப்பட்டு உருக்குலைந்த ஒரு சிறுமியை தெனார் வளர்க்கிறாள். ஆற்றலனைத்தையும் இழந்து வீடு திரும்பும் கெட், ஆடு மேய்க்கிறான். வீரக்கதையை எதிர்பார்த்துக் காத்திருந்த சிலர் ஏமாற்றமடைந்தார்கள். எம்மைப் பொறுத்தவரை அவ்வரிசையின் மிக ஆழமான நூல் அதுவே.

'தி டிஸ்பொஸஸ்டு' பொதுவுடைமைப் பிரசார நாவலா? (சென்னை வாசகர்)

இல்லை. 1974இல் வந்த அந்நாவல், ரஷ்யச் சிந்தனையாளர் க்ரோபோட்கின் போன்ற அரசின்மைவாதிகளைப் பயின்று எழுதப்பட்டது. அரசு, பணம், சிறை எதுவுமில்லாத அனாரெஸ் என்னும் வறண்ட நிலவைக் காட்டுகிறது. எனினும் அங்கும் மூத்த விஞ்ஞானி ஒருவர் இளையவரான ஷெவெக்கின் ஆய்வைத் தடுக்கிறார். சட்டம் இல்லாத இடத்தில் ஊர்வாயே சட்டமாகிறது. தாம் நேசித்த ஒரு கொள்கையின் குறைகளையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்நூல் பிரசாரமாகவில்லை.

இலக்கிய உலகம் அவரை ஏற்றுக்கொண்டதா? எந்த நூலிலிருந்து தொடங்கலாம்? (திருநெல்வேலி வாசகி)

காலம் தாழ்த்தி ஏற்றது. 2014இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை அவருக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கத்தை வழங்கியது. அம்மேடையில் அவர், புத்தகத்தை வெறும் சரக்காக நடத்தும் வணிகத்தைக் கண்டித்தார். முதலாளித்துவத்திலிருந்து தப்ப முடியாது என்று இன்று தோன்றுவது போலவே மன்னர்களின் தெய்வீக உரிமையும் ஒரு காலத்தில் தோன்றியது என்றார். 2018 ஜனவரியில், பல பத்தாண்டுகளாக வாழ்ந்த போர்ட்லண்ட் நகரில், 88ஆம் வயதில் மறைந்தார்.

'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'யிலிருந்து தொடங்குங்கள்; சிறிய நூல், தெளிவான நடை. அதன்பின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. அந்நாவலின் முதல் சில அத்தியாயங்கள் அந்நியப் பெயர்களால் சற்றுக் கடினமாக இருக்கும். பனிப்பயணம் பிற்பகுதியில்தான் வருகிறது என்பதால், அதுவரை பொறுமையாக வாசியுங்கள்.