ஆதாமை நம்புகிறவர்கள் அத்திரம்பாக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டுமா?

கேள்வி: "கடவுள் மண்ணிலிருந்து ஆதாமைப் படைத்தார் என்கிறது ஆதியாகமம். மனிதன் 3 லட்சம் வருஷத்துக்கு முன்பே இருந்தான் என்கிறது விஞ்ஞானம். ஒரு கிறிஸ்தவர் எதை நம்புவது?"

கேட்டவர் கல்லூரியில் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர் என்று நினைக்கிறேன். வகுப்பில் ஒன்றும் வீட்டு ஜெபத்தில் வேறொன்றும் கேட்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ சபை. மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியிலும் பல வருஷம் பாடம் எடுத்தவள். இப்போது எடுப்பதில்லை, அதற்குக் காரணமே உங்கள் கேள்விதான்.

ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் ஒரு பையன், "காயீன் யாரைக் கல்யாணம் பண்ணினான்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தை எல்லாரையும் திறக்கச் சொன்னேன். தம்பி ஆபேலைக் கொன்ற காயீன், ஆதாமின் மகன், தன்னைக் காண்கிறவன் எவனும் கொன்றுபோடுவானே என்று பயப்படுகிறான். யாருக்குப் பயந்தான்? பிறகு நோத் தேசத்தில் குடியேறுகிறான், மனைவியோடு வாழ்கிறான், ஒரு பட்டணத்தையே கட்டுகிறான். முதல் இரண்டு அதிகாரங்களையும் வாசித்தோம். முதலாவதில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், ஆணும் பெண்ணுமாக. இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு மிருகங்கள், கடைசியில் ஏவாள். சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது, ஆனால் சாயங்காலமும் விடியற்காலமும் முதல் நாளிலேயே இருக்கின்றன. இதைத் தொகுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். எப்போது நடந்தது என்று தேதி குறிப்பது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டார்கள். சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட ஜனங்களுக்கு நடுவில், இவை கடவுள் ஏற்றிவைத்த சுடர்கள், மனிதன் அவருடைய சாயல் என்று சொல்வதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இதெல்லாம் டார்வினுக்குப் பயந்து நான் கண்டுபிடித்த விளக்கம் என்று யாராவது சொல்வீர்கள். புனித அகுஸ்தீன் 1600 வருஷத்துக்கு முன்பே, அந்த ஆறு நாட்களும் நம் நாட்களைப் போன்றவை அல்ல என்று எழுதிவிட்டார். உலகம் கி.மு. 4004-இல் உண்டானது என்பதோ வேத வசனமே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அஷர் என்ற பேராயர் வம்ச அட்டவணைகளைக் கூட்டிப் போட்ட கணக்கு, பிறகு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகிவிட்டது.

அன்றைக்குப் பிள்ளைகளிடம் நிலவியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றியும் சொன்னேன். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் எடுத்த கல்லாயுதத்தோடுதான் இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே தொடங்குகிறது. அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கல்லாயுதங்கள் கிடைத்தன. அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மறுபடி தோண்டி, சுமார் 15 லட்சம் வருஷப் பழமை என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஹோமோ சேப்பியன்ஸ் என்கிற நம் இனமே தோன்றாத காலம் அது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகச் சொல்லப்படும் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கே 3 லட்சம் வருஷம்தான். இந்த ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் ஐயர். ஆதியாகமத்தைத் தமிழில் கொடுக்க உழைத்தவரும் ஆதி மனிதனின் கல்லை எடுத்தவரும் ஒரே குடும்பம். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் சபையை நடத்தும் சேகரக் கமிட்டி கூப்பிட்டது. "டீச்சர், வேதத்துல உள்ளத மட்டும் சொல்லிக் குடுத்தா போதும்லா" என்றார் ஒரு பெரியவர். "காயீன் பயந்ததும் வேதத்துல உள்ளதுதான ஐயா?" என்று கேட்டேன். யாரும் வேதத்தைத் திறக்கவில்லை. என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த மேஜையைச் சுற்றி ஒரு பெண்கூட இல்லை. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வெங்காயம் உரிக்கவும் அரிசி புடைக்கவும் எங்களைத் தேடி வீட்டுக்கே ஆள் வரும், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது வராது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும்.

உண்மையான முடிச்சு ஆறு நாட்களில் இல்லை, ரோமர் 5-இல் இருக்கிறது. ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் வந்தது என்கிறார் பவுல். மரபணுக்களைப் பார்த்தால், நம் முன்னோர் ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டமாகவே தெரிகிறார்கள், ஒரே ஜோடியாக அல்ல. உடலின் பரிணாமத்தை ஆராய 1950-இல் அனுமதித்த போப் பன்னிரண்டாம் பத்திநாதரும் இந்த இடத்தில் தயங்கினார். ஆதாம் அந்தக் கூட்டத்தில் கடவுள் அழைத்த ஒருவன் என்பார் உண்டு, மொத்த மனித குலத்தின் உருவம் என்பாரும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். கடவுளை அறிந்தும் அவரை விட்டு விலகுகிற குணம் என்னிடம் இருக்கிறது. அதற்கு எனக்கு எலும்புச் சான்று தேவைப்படவில்லை. நாம் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பரிணாமம் மறுக்கவும் இல்லை, எத்தனை காலம் எடுத்தது என்றுதான் சொல்கிறது.

இது உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். உங்கள் சபைப் போதகர் ஐயரோடு உட்கார்ந்து பேசுங்கள். பேச இடம் கொடுக்காதவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள், சபையை விட்டு ஓடாதீர்கள்.

டார்வின் சாகும்போது மனந்திரும்பினார் என்று கமென்ட்டில் எழுத வருகிறவர்களுக்கு: அது லேடி ஹோப் என்ற பெண்மணி சொன்னதாக 1915-இல் அமெரிக்காவில் அச்சான கதை. மரணப் படுக்கையின் அருகே இருந்த மகள் ஹென்ரியேட்டா 1922-இல் அதை வெளிப்படையாக மறுத்துவிட்டார். அதைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ரோமர் 5 பற்றி வாதாட வந்தால், எவ்வளவு நீளமாக எழுதினாலும் பதில் சொல்கிறேன்.