அவுட்டோர் ஷூட்: மாமல்லபுரமா, புதுச்சேரியா, பிச்சாவரமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். தை கடைசியில் கல்யாணம். மார்கழியில் ஒரே நாளில் ப்ரீ வெட்டிங் ஷூட்டை முடிக்க வேண்டும். பெண்ணுக்குக் கிளிப்பச்சைப் பட்டு, அரக்கு கவுன் எடுத்திருக்கிறோம். மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியாது. இரண்டு இடம்தான் உச்சம். ஓர் இடத்தில் மூட்டை கட்டி அடுத்த இடத்தில் இறங்கி, உடை மாற்றி, மேக்கப்பைச் சரிசெய்யவே ஒன்றரை மணி நேரம் போய்விடும். பயண நேரம் தனி. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது இருவர் முகமும் வாடியிருக்கும். அந்தக் களைப்பை எடிட்டிங்கில் எடுக்க முடியாது.

முதலில் பிச்சாவரத்தை விட்டுவிடுங்கள். அலையாத்திக் காட்டின் பச்சையில் கிளிப்பச்சைப் பட்டு கரைந்துபோகும். படகில் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வார்கள். அப்புறம் பட்டு எங்கே தெரியும்? கேமராமேனும் அதே படகில் உட்கார்ந்தால் பின்னால் நகர இடமில்லை, அவருக்கென்று இன்னொரு படகு எடுக்க வேண்டும்.

மீதி இரண்டையும் வெயிலை வைத்துப் பிரியுங்கள். கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் கடலிலிருந்து வரும், மாலை வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கும். அதனால் காலையில் பட்டோடு மாமல்லபுரம், மாலையில் கவுனோடு புதுச்சேரி. நடுவே ஈ.சி.ஆரில் சுமார் 95 கி.மீ., இரண்டு மணி நேரம்.

மாமல்லபுரத்தில் மார்கழி கடைசியில் சூரியன் சுமார் 6.30-க்கு உதிக்கும், அதுவும் நேர் கிழக்கில் இல்லை, தென்கிழக்கில் சாய்ந்து. கடற்கரைக் கோவிலுக்கு வடக்கே உள்ள பொதுக் கடற்கரையில் ஜோடியை நிறுத்தி, தெற்குப் பார்த்து எடுத்தால் கோவில் பின்னணியில் வரும். வெயில் கேமராவுக்கு இடப்பக்கம், சற்று முன்னாலிருந்து விழுவதால் கூந்தல் ஓரத்திலும் ஜரிகையிலும் பொன் கோடு போட்டதுபோல் இருக்கும். முகத்தின் மறுபாதி இருண்டுவிடும், அதற்கு வலப்பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடிக்க ஓர் ஆள் தேவை. கோவில் சிறுத்துப்போகாமல் இருக்க 85 அல்லது 135 எம்.எம். லென்ஸ் நல்லது. நம் பக்கத்தில் சூரியன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். 7.15-க்கு மேல் அந்தப் பொன்வெயில் இருக்காது. 5.45-க்கே மேக்கப் முடித்து மணலில் நிற்க வேண்டுமானால், முந்தைய இரவே அங்கு அறை எடுத்துத் தங்குவதுதான் வழி.

கோவில் வளாகத்துக்குள் எடுக்க ஆசை என்றால் முன்கூட்டியே தொல்லியல் துறை அனுமதி வாங்குங்கள். டிரைபாட், லைட் ஸ்டாண்டோடு போய் வாசலில் கெஞ்சினால் பலிக்காது. வழிபாடு நடக்கும் கோவில்களைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். தமிழகக் கோவில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. டிரோன் வைத்திருப்பவரிடம் டிரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (பறக்கவிடலாம்), சிவப்பு மண்டலமா (தடை) என்று காட்டச் சொல்லுங்கள். 'பார்த்துக்கலாம் சார்' என்றால் டிரோனே வேண்டாம்.

அலையில் கால் நனைப்பதெல்லாம் பட்டோடு வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் ஜரிகை கறுக்கும். பாசி பிடித்த பாறையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதை எந்த உடையிலும் செய்யாதீர்கள். அங்கே அலை இழுப்பு அதிகம்.

புதுச்சேரியில் கடலோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் எல்லோரும் மஞ்சள் சுவரைத்தான் தேடுவார்கள். அரக்கு கவுனுக்கு அது பொருத்தம்தான். ஆனால் சுவரை ஒட்டி நின்றால் மஞ்சள் முகத்தில் அடித்து, காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். முகத்தை நெருக்கமாக எடுக்கும் படங்களுக்கு வேறொரு வழி: தெருவில் நிழல் விழும் பக்கம் நின்று, எதிரே வெயில் படும் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்புங்கள். அந்தச் சுவரே பெரிய ரிஃப்ளெக்டர் மாதிரி வேலை செய்யும். கண்ணும் கூசாது.

4.45-லிருந்து 5.30 வரை, கடலை நோக்கி ஓடும் குறுக்குத் தெருக்களில் மேற்கு வெயில் தெரு நெடுக நீளமாக விழும். அதற்கு முதுகு காட்டி நின்றால் கவுனின் விளிம்பு ஒளிரும். பிறகு கடற்கரைச் சாலை. கட்டடங்களின் நிழல் விழுந்து கடல் வெளிர்நீலமாக இருக்கும் நேரம் அது. வார இறுதியில் போனால் எந்தச் சுவருக்கு முன்னாலும் பைக் நிற்கும். செவ்வாய், புதன் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பு அதே நேரத்துக்கு யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கூட வருபவரை நிறுத்தி நாலு திசையிலிருந்தும் செல்போனில் நாலு படம் எடுத்தால், எங்கே நிற்பது என்பது தெரிந்துவிடும். உடை மாற்ற எந்த அறை, கழிப்பறை எங்கே, கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளட்டும். பாதி பேர் கோட்டை விடுவது இங்கேதான். மேகமூட்டம் என்றால் ஷூட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பொன்வெயில் கிடைக்காது, ஆனால் முகத்தில் நிழல் விழாமல் நெருக்கப் படங்கள் அருமையாக வரும். கனமழை பெய்தால் என்ன செய்வது, இன்னொரு தேதிக்கு எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.