மிளகு மணக்கும் வெள்ளை ஒயின்: எந்த பாட்டிலை எடுப்பது?

கேள்வி: வேலைக்காக வியன்னா வந்து ஆறு மாதம் ஆகிறது. எல்லோரும் சொல்கிறார்களே என்று க்ரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளை ஒயினில் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று எலுமிச்சை போலச் சுள்ளென்று, லேசாக இருந்தது. மற்றது இரண்டு மடங்கு விலை. கனமாக, பழுத்த பழ வாசனையோடு இருந்தது. இரண்டில் எது அசல்?

பதில்: இரண்டுமே அசல்தான். ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே ரகம். வெளிநாட்டில்தான் பெயர் அவ்வளவாகத் தெரியாது. கொடியில் எவ்வளவு நாள் விட்டு வைக்கிறார்களோ, அதற்கேற்ப இதன் குணமே மாறும். சீக்கிரம் பறித்தால் பழத்தில் சர்க்கரை குறைவு. அதனால் ஆல்கஹாலும் குறைவு, புளிப்பு தூக்கல். நன்றாகப் பழுக்கவிட்டால் கனமும் வாசனையும் கூடும்.

அதனால் கடையில் விலைச் சீட்டுக்கு முன்னால் லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். டான்யூப் கரையில் உள்ள வாஹாவ் பகுதியின் தயாரிப்பாளர் சங்கம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. 11.5 சதவீதம் வரை ஷ்டைன்ஃபெடர், அதிலிருந்து 12.5 வரை ஃபெடர்ஷ்பீல், அதற்கு மேல் ஸ்மராக்ட். அந்தச் சரிவுகளில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர்தான் ஸ்மராக்ட். கல் சுவர் எழுப்பிய செங்குத்தான படிகளில் ஏறிக் கையால் பறிக்கிறார்கள். விலைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தினசரிச் சாப்பாட்டோடு அருந்த அவ்வளவு செலவு வேண்டாம். வைன்ஃபியர்டல் டி.ஏ.சி. (வியன்னாவுக்கு வடக்கே உள்ள வைன்ஃபியர்டல் பகுதி ஒயினுக்கான முத்திரை) என்று போட்ட பாட்டில் போதும். 2002 அறுவடையிலிருந்து வரும் இந்த முத்திரை க்ரூனருக்கு மட்டுமே உரியது. நான் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான்.

திருகு மூடியைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்காதீர்கள். இங்கே நல்ல ஒயினுக்கும் அதுதான் வழக்கம். மூடியின் மேல் சிவப்பு-வெள்ளை-சிவப்பு பட்டையும் லேபிளில் அரசுப் பரிசோதனை எண்ணும் இருந்தால், அது சோதித்துத் தேறிய தரமான ஒயின்.

கேள்வி: இதில் மிளகு வாசனை வரும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: முதலில் குளிரைக் கவனியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் வாசனை அடங்கிக் கிடக்கும். லேசான ரகத்துக்கு 8 முதல் 10 டிகிரி, ஸ்மராக்டுக்கு 10 முதல் 12 டிகிரி சரி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அதன் பின்னால் வெள்ளை மிளகு.

அப்போதும் வரவில்லையென்றால் வருத்தம் வேண்டாம். இந்த வாசனையைத் தருவது ரோட்டண்டோன் என்ற பொருள். கருமிளகில் இருப்பதும் அதுவே. ஐந்து பேரில் ஒருவருக்கு அதை முகரவே முடியாது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நன்றாகப் பழுத்த ஒயினில் மிளகு அமுங்கிப் பழ வாசனை முந்திக்கொள்வதும் உண்டு.

கேள்வி: எதோடு சாப்பிட்டால் பொருந்தும்?

பதில்: வசந்தத்தில் சந்தைக்கு வரும் வெள்ளை அஸ்பாரகஸோடு கட்டாயம் ஒருமுறை அருந்திப் பாருங்கள். அந்தக் காயில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பல ஒயின்களை, முக்கியமாக மரப்பீப்பாய் வாசமுள்ளவற்றை, உலோகச் சுவையாக்கிக் கெடுத்துவிடும். க்ரூனரின் பச்சை வாசனையோ அதோடு இணங்கிப்போகும். வியன்னா ஷ்னிட்செலுக்கு ஃபெடர்ஷ்பீல் சரியான ஜோடி. பொரித்த இறைச்சியின் மேல் எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலையை இதன் புளிப்பும் செய்து எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்கு சாலட்டில் வினிகர் இருப்பதால், புளிப்பு குறைந்த ஒயின் அங்கே சப்பென்றாகிவிடும்.

வேகவைத்த மாட்டிறைச்சியும் குதிரைமுள்ளங்கித் துருவலும் சேர்ந்த டாஃபெல்ஷ்பிட்ஸுக்கு உங்கள் விலை கூடிய பாட்டிலைத் திறக்கலாம். அந்தக் காரத்தைத் தாங்கும் கனம் அதற்கு உண்டு. இனிப்பு வந்ததும் கிளாஸைத் தள்ளி வைத்துவிடுங்கள். ஆப்ரிகாட் கொழுக்கட்டைக்குப் பின் குடித்தால் எவ்வளவு நல்ல க்ரூனரும் வெறும் புளிப்பாகவே தெரியும்.