ஒன்றியப் பள்ளிக்குப் புதிய கட்டடம்: மனு மட்டும் போதாது

உங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளின் கூரை பெயர்ந்தும், பக்கத்து ஊருக்கே கட்டடம் ஒதுக்கினார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். முதலில் தலைமையாசிரியரிடம் யூடைஸ் பதிவை, அதாவது பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பள்ளியின் பதிவை, கேட்டுப் பாருங்கள். அந்த அறைகள் ‘நல்ல நிலை’ என்றே பதிவாகியிருந்தால், மேலிருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் பள்ளியில் குறையே இல்லை!

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 22, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அந்தக் குழுவிடம்தான் தருகிறது. பல ஊர்களில் அது வெறும் கையெழுத்துச் சடங்காகிவிட்டது. ஒன்றியப் பள்ளிகளின் கட்டடப் பணி ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருப்பதால், நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். ஒன்றியப் பொறியாளரின் ஆய்வறிக்கை வரும்வரை அந்த அறைகளில் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம்.