வரையப் பிறந்தவர்களுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓவியம் தீட்டியும் கற்றுக்கொடுத்தும் பிழைப்பவன் நான். ஓவியம், வண்ணம், கோலம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பாட்டும் நடனமும் என் துறை இல்லை.

பட்டர்வொர்த், கணக்காளர், வயது 34: எனக்குள் ஒரு கலைஞன் இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரும் கேட்காதபோதும் வரைகிறீர்களா? பாராட்டு வராத வாரத்திலும் கை பென்சிலைத் தேடுகிறதா? ஆமாம் என்றால் வேறு சான்று வேண்டாம். என்னிடம் படம் அனுப்பி “திறமை இருக்கிறதா” என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது அனுமதி. அதை நான் தர முடியாது. நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் இயந்திரப் பொறியியல் படித்தவர். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். நம் பினாங்கின் சுவா தியன் தெங் நடத்திய பாத்திக் துணிப் பட்டறை நொடித்துப் போனது. அதே மெழுகையும் சாயத்தையும் வைத்து அவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1968-இல் யுனிசெஃப் அவர் ஓவியத்தை வாழ்த்து அட்டையில் அச்சிட்டது. யாராவது கூப்பிடட்டும் என்று இருவரும் காத்திருக்கவில்லை.

கிள்ளான்: வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியனாகலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வாடகை பயம் உள்ளவன் விற்கிற படத்தை வரைவானே தவிர, வரைய வேண்டிய படத்தை வரைய மாட்டான். காலையில் பசியாறுவதற்கு முன் ஒரு மணி நேரம் வரையுங்கள்.

சுங்கை பட்டாணி, ஒரு தாய்: மகளுக்கு ஓவியம் என்றால் உயிர். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் கலைப்பாடம் எடுத்தால் எதிர்காலம் பாழ் என்கிறார் அவள் அப்பா.

அக்கா, உங்கள் வீட்டுக்காரரின் பயம் நியாயமானதுதான், ஆனால் வழி அடைபடவில்லை. இங்கே பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்திலேயே கலைப் பள்ளி இருக்கிறது. கோலாலம்பூரில் அரசு கலைக் கல்வி நிலையமான அஸ்வாரா இருக்கிறது, 1967 முதல் மலேசியக் கலைக் கழகமும் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அவளுடைய படங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதச் சொல்லுங்கள்.

பிறை: என் நீர்வண்ணப் படங்களில் பழுப்புப் புள்ளி விழுகிறது. ஒரு சிவப்பு மட்டும் வெளிறிப் போய்விட்டது.

புள்ளி, பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் தாளைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் வரத்தான் செய்யும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தக்கைத் துண்டு வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். அமிலமில்லாத தாளையே வாங்குங்கள். சிவப்பு விஷயம் அதைவிடப் பெரியது. டியூப்பின் பின்பக்கம் நிறமி எண் பிஆர் 83 (PR83) என்று போட்டிருக்கிறதா? அதுதான் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும். வெளிச்சத்தைத் தாங்குவதில் ஏஎஸ்டிஎம் (ASTM) தரம் 1 அல்லது 2 உள்ள வண்ணத்தைத்தான் வாங்க வேண்டும். வான்கோ 1888-இல் தீட்டிய படுக்கையறைச் சுவர் இன்று நீலம். அவர் கடிதத்தில் எழுதியதோ வெளிர் ஊதா. அதிலிருந்த சிவப்பு பறந்துவிட்டது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

செந்தூல், மாணவர்: நம்மவர் கதைகளுக்கு இந்த நாட்டுக் கலைக்கூடத்தில் இடம் உண்டா?

சையது தாஜுதீன் அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவர். இராமாயணக் காட்சிகளைப் பெரிய பெரிய திரைகளில் தீட்டினார். துன் ரசாக் சாலையிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு நாள் போய், ஒரே படத்தின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள் தம்பி.

ஈப்போ: தீபாவளிக்கு மால்களில் அரிசிக் கோலம் போடுகிறார்கள், ஒரு மாதத்தில் கூட்டிப் பெருக்குகிறார்கள். அந்தப் பணத்தில் தமிழ்ப்பள்ளிக்குக் கணினி வாங்கலாம். கலையெல்லாம் வயிறு நிறைந்தவர் சமாச்சாரம்.

தைப்பிங், ஓய்வுபெற்ற ஆசிரியை (மேலுள்ளவருக்கு): ரப்பர் தோட்டத்தில் அரைவயிற்றோடு பால் வெட்டியவர்கள்தான் கூத்துக் கட்டினார்கள் தம்பி. நான் பார்த்து வளர்ந்தவள்.

ஈப்போ: அது பக்தி, டீச்சர். கலை அல்ல.

செந்தூல், மாணவர்: ஐயா, அழியாத வண்ணம் வாங்கு என்கிறீர்கள். அழிகிற கோலத்துக்கு என்ன சொல்வீர்கள்?

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கணினி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கணக்கு ஏடுகளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு பால் எடுத்தார்கள், என்ன கூலி என்பதுதான் இருக்கும். பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டா கம்பு அழுத்திய தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது, விடியுமுன் தொழிலாளர் லயத்து வாசலில் விளக்கு வெளிச்சம் எதுவரை விழுந்தது என்பதெல்லாம் ஏட்டில் ஏறாது. பார்த்தவர் வரைந்து வைத்தால்தான் உண்டு. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. கலை எதற்கு என்று கேட்டால் முதலில் இதற்குத்தான்.

பக்தியா கலையா என்ற கேள்விக்கு: அஞ்சடியில் (கடைவீட்டு முன் நடைபாதையில்) கோலமிடும் அம்மாவின் கையைக் குனிந்து பாருங்கள். மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்குகிறது. கையை உயர்த்தினால் கோடு அகலமாகிறது, தாழ்த்தினால் மெலிகிறது. வளைவு மணிக்கட்டிலிருந்து வருகிறது. என்னிடம் தூரிகை பிடிக்க வருபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வர வருஷக்கணக்கில் ஆகும். சாமிக்காகச் செய்தால் கலை ஆகாது என்றால் நம் கோபுரச் சிற்பங்களை என்னவென்று சொல்வது?

தம்பி, கோலம் அழியும் என்று போடுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அதில் ஏமாற்று இல்லை. ஆர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் தீட்டிய சுவரோவியத்தின் சைக்கிள் பிள்ளைகளும் வெயிலும் மழையும் படுகிற வெளிச்சுவரில்தான் இருக்கிறார்கள். படத்தை விற்பது வேறு. ஒருவர் காசு கொடுத்து வீட்டில் மாட்டினால், அவர் பேத்தியும் அதே சிவப்பைப் பார்க்க வேண்டும். மங்கும் என்று தெரிந்தே அந்த டியூப்பைப் பயன்படுத்துவது தவறு.

ஈப்போ: கையை நான் இதுவரை கவனித்ததில்லை. கணினி விஷயத்தில் என் கருத்து மாறாது.

மாற வேண்டாம். பள்ளி நிர்வாகத்திடமும் விடாமல் கேளுங்கள்.

காஜாங்: வயது 42. தாமதமாகிவிட்டதா?
ரவாங்: 51 வயதில் தொடங்கலாமா?
நிபோங் திபால்: எனக்குத் திறமை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா?

முதல் பதிலைப் படியுங்கள். சுங்க வசூல் வேலை பார்த்த பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ 49 வயதில் ஓய்வு பெற்றுத்தான் முழுநேரம் தீட்டினார். வயதுக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: பரதநாட்டியம் கற்க எங்கே போகலாம்?

உங்கள் பகுதியிலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

ஜெலுத்தோங்: ஓர் உணவகச் சுவரில் படம் வரையக் கூப்பிடுகிறார்கள். பணம் இல்லை, “பெயர் கிடைக்கும்” என்கிறார்கள்.

சமையல்காரருக்கும் பெயரைத்தான் சம்பளமாகத் தருகிறார்களா என்று கேளுங்கள். சுவரை அளந்து, வண்ணச் செலவையும் உங்கள் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பாதிப் பணம் கைக்கு வந்தபிறகு சுவரில் கை வையுங்கள். ஈரச் சுவராக இருந்தால் முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் உரிந்து வந்துவிடும்.